ஒரு டம்ளர் வினிகர்

என் தங்கையின் துக்கத்தை நான் வெளுத்துவிட்டேன்.

அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கொல்லைக் கொடியில் அது மூன்று உருப்படிகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அலசிப் பிழிந்து காயப்போட்டபோது மூன்றும் கருப்பு. அல்லது, அந்த வெளிச்சத்தில் எனக்குக் கருப்பாகத் தெரிந்தது. விடிந்து பார்த்தால் தோளிலும் மார்பிலும் செம்பழுப்புத் திட்டுகள். சொறி பிடித்த மூன்று பூனைகளைக் கிளிப் போட்டு மாட்டின மாதிரி.

இத்தனைக்கும் நான் புதுசாக ஒன்றும் செய்யவில்லை. கருப்பு மங்காமலிருக்கக் கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் விடச் சொல்லி ரேடியோவில் கேட்டதிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மூடிக்கு இவ்வளவு நல்லது என்றால் ஒரு டம்ளருக்கு எவ்வளவு என்பது என் கணக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டியபோதும் இதே புத்திதான். கொஞ்சம் பின்னால் எடு என்றார்கள்; தலைமையாசிரியையின் கார் நின்றிருந்த இடம் வரைக்கும் எடுத்தேன். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.

நடுவில் சில வாரம் விட்டுப்போனவர்களுக்காக நாலு வரி. என் தங்கை அமெர்லே, அக்ராவில் லா கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளை வரவேற்கிற முன்மேஜை அதிகாரி. கணவன் ஓடோய் இறந்து பத்து மாதம். வருஷம் முடிகிற வரை அவள் கருப்பில் இருக்க வேண்டும். முடிந்ததும் ஓடோயின் குடும்ப வீட்டில், துக்கம் கழிந்ததற்கு அடையாளமாக வெள்ளை உடுத்திவிட்டு, போய் வா என்று விடுவார்கள். ஹோட்டல் மேனேஜர் க்வார்ஷி, வெள்ளிக்கிழமையிலிருந்து முன்மேஜையில் கருப்பு கூடாது, மீறினால் பின்கட்டில் படுக்கை விரிப்பு மடிக்கிற பிரிவு என்று கடிதமே கொடுத்துவிட்டான். பத்து மாதத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று அமெர்லே புகுந்த வீட்டில் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் முடியாது என்று சொன்னது ஓடோயின் அக்கா தேதே.

அந்தக் கெடு வெள்ளிக்கிழமைதான் இது. அதற்கென்று நாள் பார்த்து நான் துவைத்திருக்கிறேன்.

"அமெர்லே," என்று கூப்பிட்டேன். பாலைவனத்திலிருந்து வருஷா வருஷம் வீசுகிற ஹர்மட்டான் காற்றின் தூசியில் எனக்கு ஒரு வாரமாக மூக்கு அடைப்பு. அவள் பெயர் என் வாயில் அபெர்லே என்று வந்தது. "கொஞ்சம் வெளிய வா. வரும்போது கையில எதுவும் எடுத்துட்டு வராத."

வந்தாள். கொடியைப் பார்த்தாள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் போச்சாண்ணே?"

"எல்லாம் போச்சு. கடை திறக்கட்டும், நான் போய்ப் புதுசா..."

"வேண்டாம். ஒரு தடவை போன கருப்பை மறுபடி கட்டக்கூடாது. இன்னொரு சாவைக் கூப்பிடற மாதிரின்னு அந்த வீட்டுல சொல்லுவாங்க. தேதே அக்காவே சொல்லியிருக்காங்க."

"அப்ப நீ வேலைக்கு எதைப் போட்டுட்டுப் போவ?"

உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் கடல் நீலத்தில் மஞ்சள் விசிறி அச்சடித்த துணியில் தைத்த உடுப்பில் வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லாரும் அச்சுத் துணி உடுத்துகிற நாள். அதற்கென்று போன வருஷம் ஓடோய் வாங்கிக் கொடுத்து, தைத்து, உடுத்தாமலே பெட்டிக்குள் போனது. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"இதை எப்ப இஸ்திரி போட்ட?" என்றேன்.

"சாப்பாட்டு டப்பாவை மறந்துடாம எடுத்து வை," என்றாள். அப்புறம் டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பத்து மாதம் கழித்து நிறத்தில் பார்க்கிறேன். சந்தோஷப்பட வேண்டியவன்தான். டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

*

எட்டு மணிக்கு ரேடியோவைத் திருப்பினேன். வெள்ளிக்கிழமை எட்டு மணி தேதேயின் நிகழ்ச்சி: வேலைக்குப் போகிற பெண்களுக்கு உடுப்பு யோசனை. அக்ராவில் பாதிப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டுத்தான் சட்டைக் கையின் நீளத்தை முடிவு செய்கிறார்கள். மீதிப் பாதி அவளுக்குப் பயந்து முடிவு செய்கிறார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு வயது கூடுதல்.

"தோழிகளே, காத்து வறண்டிருக்கு, தூசி பறக்குது," என்று ஆரம்பித்தாள். "காலைல குளிரும், மதியம் கொளுத்தும். பருத்திச் சட்டை போட்டு மேல ஒரு மெல்லிசு கோட்டு. பதினோரு மணிக்குக் கோட்டைக் கழட்டினா உள்ள இருக்கறதும் நாலு பேர் பாக்கற மாதிரி இருக்கணும். பாவாடை முட்டிக்குக் கீழ ரெண்டு விரல். மூணு விரல்னா மாமியார் வீடு, ஒரு விரல்னா கடற்கரை. முழங்கைல ஷியா வெண்ணெய் தடவிக்குங்க, சாம்பல் பூத்த கையை நீட்டி வாடிக்கையாளருக்குக் கை குடுக்காதீங்க. வெள்ளை போட்டா பத்து மணிக்குப் பழுப்பு. போன வாரம் சொன்னதுதான், மறுபடியும் சொல்றேன்: இந்த ரெண்டு மாசம் ஆபீசுக்குக் கருப்பு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தூசியும் அதுல உக்காந்து பேர் சொல்லும்."

நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, பரவாயில்லை, நியாயம்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அப்போது நேயர் அழைப்பு வந்தது.

"தேதே அக்கா, நான் தேஷியிலேர்ந்து பேசறேன்." குரல் எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் புளித்த மக்காச்சோள மாவு உருண்டை, கென்கே, விற்கிறவள். "பத்தாவது மாசத்துல ஒரு விதவை, நீலத்துல மஞ்சள் விசிறி போட்டுட்டு ஆபீஸ் போகலாமா? முட்டிக்குக் கீழ ரெண்டு விரல் சரியாத்தான் இருந்துச்சு."

"யாரும்மா அது?"

"உங்களுக்கு வேண்டப்பட்டவங்கதான். காலைல என் கடையைத் தாண்டித்தான் ட்ரோட்ரோ வேன் ஏறினாங்க."

ரேடியோவில் காகிதம் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நிறம் பொறுத்தவரைக்கும் எந்தத் தப்பும் இல்லை," என்றாள் தேதே கடைசியில். குரல் உலர்ந்திருந்தது. "ஆனா சில பொம்பளைங்களுக்குப் புருஷன் ஒரு பருவம். மழை நின்னா குடையை மூலைல வைக்கிற மாதிரி வச்சுடுவாங்க. இப்ப ஒரு பாட்டு."

வழக்கமாக ஒன்பது வரைக்கும் பேசுகிறவள். மணி எட்டு இருபத்தைந்து.

சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

*

தேஷியிலிருந்து லா ஒன்றும் தூரமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ட்ரோட்ரோ என்னைப் போலத்தான், எல்லா இடத்திலும் நின்று நின்று போகும். ஹோட்டல் கூடத்துக்குள் நான் நுழைந்தபோது தேதே ஏற்கெனவே முன்மேஜை எதிரில் நின்றிருந்தாள். வைக்கோல் நிறக் கோட்டு, அதே நிறத்தில் கழுத்துத் துணி. ஊரெல்லாம் தூசி மூடியிருக்க, தூசியே அவளிடம் வந்து யோசனை கேட்டு நிறம் மாற்றிக்கொண்டது போல இருந்தாள். அந்த மனுஷியை எனக்குப் பிடிக்காது. அவள் உடுப்பில் ஒரு குறை சொல்லவும் முடியாது.

"இன்னும் ரெண்டு மாசம்," என்றாள் அமெர்லேயிடம். "ரெண்டே மாசம். அறுபது நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

"அக்கா, இங்க விருந்தாளிங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களும் பாக்கட்டும். அவங்களுக்குத்தானே இந்த மஞ்சள் விசிறி?"

நான் நடுவில் போய் நின்றேன். "அக்கா, தப்பு என்னோடது. மூணையும் நான்தான் துவைச்சுக் கெடுத்தேன். நீங்க ரேடியோவுல சொன்ன வினிகர்தான்."

"நான் ஒரு மூடின்னு சொன்னேன்."

"நான் ஒரு டம்ளர் விட்டுட்டேன்."

"ஒரு பீப்பாயே விட்டாலும் வினிகர் கருப்பை வெளுக்காது, அயிக்வே. பதினஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன். நீ விட்டது என்ன?"

பதில் தெரியாதபோது நான் வேடிக்கை பேசுவேன். அது என் வியாதி. "போன வாரம் நீங்களேதானே சொன்னீங்க, ஹர்மட்டான்ல ஆபீசுக்குக் கருப்பு வேண்டவே வேண்டாம்னு? இவ உங்க விசுவாசமான நேயர் அக்கா."

பக்கத்தில் பெட்டி தூக்குகிறவன் சிரித்துவிட்டான். தேதே சிரிக்கவில்லை.

"அது புருஷன் உயிரோட இருக்கறவங்களுக்கு. என் தம்பி செத்ததை நீ ஒரு ஜோக்குக்கு இழுக்காத."

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனேன்.

சத்தம் கேட்டு க்வார்ஷி உள்ளறையிலிருந்து வந்தான். வந்தவன் அமெர்லேயைப் பார்த்துப் பல்லெல்லாம் காட்டினான். "ஆகா! இதைத்தானே நான் கேட்டேன்? பாருங்க, கூடமே வெளிச்சமாயிடுச்சு. கடிதம் கொடுத்தது வீண் போகலை."

"என்ன கடிதம்?" என்றாள் தேதே.

க்வார்ஷி அவளை அப்போதுதான் பார்த்தான். உடனே பார்க்காதது போல உள்ளே போய்விட்டான். அந்தக் கலையில் அவன் தேர்ந்தவன்.

"என்ன கடிதம், அமெர்லே?"

"கருப்புல வந்தா பின்கட்டுக்கு மாத்திடுவோம்னு. இன்னிலேர்ந்து."

"அப்ப நாற்காலிக்காகக் கழட்டியிருக்க."

"இந்த மேஜைக்கு வர எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு, அக்கா. நானும் விரிப்பு மடிச்சுத்தான் ஆரம்பிச்சேன். உங்ககிட்ட ரெண்டு தடவை வந்து கேட்டேன்."

"நான் முடியாதுன்னேன். அதனால அண்ணனை விட்டுக் கெடுக்கச் சொன்னியா?"

"அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

தேதே பதிலுக்குக் கையை நீட்டி, மேஜைக்கு மேலாகவே அமெர்லேயின் சட்டைக் கைத் துணியைப் பிடித்தாள். விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். அவள் முகம் ஒரு கணம் வேறு மாதிரி ஆனது.

"இது ஓடோய் வாங்கினது," என்றாள் மெதுவாக. "என்னையும் கூட்டிட்டுப் போனான். நான் பச்சை எடுக்கச் சொன்னேன். இல்லக்கா, அவளுக்கு நீலம்தான்னு..."

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் மூன்று பேரும் அழுதிருப்போம், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவள் தொழில்காரி. கண் துணியை விட்டு நகரவில்லை. மேஜையைச் சுற்றி உள்ளே வந்தாள். அமெர்லேயின் இடுப்புத் தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"போன வருஷ உடம்புக்குத் தைச்சது. பத்து மாசத்துல நீ பாதி ஆயிட்ட. இது உன் மேல கோணி மாதிரி தொங்கணும். அளவெடுத்த மாதிரி நிக்குது. ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு, நூல் புதுசு. இதை எப்ப பிடிச்ச?"

அமெர்லே வாசலில் வந்து திரும்புகிற ஒரு பஸ்ஸைப் பார்த்தாள்.

"நான்தான் பிடிச்சேன்," என்றேன். "இன்னிக்குக் காலைல."

"நீ?"

"நான்."

தேதே கைப்பையைத் திறந்தாள். அவள் பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும்; நேயர்களுக்கும் அப்படித்தான் சொல்வாள். ஊசியை என் இடது கையிலும் நூலை வலது கையிலும் கொடுத்தாள்.

"கோத்துக் காட்டு."

கோத்தேன். அதாவது, கோக்க முயன்றேன். ஹோட்டல் கூடமே வேடிக்கை பார்க்க, நூலை எச்சில் படுத்தினேன், முறுக்கினேன், ஊசியை வெளிச்சத்துக்குத் தூக்கினேன். மூக்கடைப்பில் தும்மல் வந்தது. ஊசி எங்கோ போய்விட்டது. பெட்டி தூக்குகிறவன் செருப்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தான்.

வாசலில் நின்ற பஸ்ஸிலிருந்து விருந்தாளிகள் இறங்கிக் கூடத்துக்குள் வந்தார்கள். அமெர்லே முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வணக்கம், வாங்க," என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தேதே என் பக்கத்தில் வந்தாள். ரேடியோவில் பேசுகிற அதே சீரான குரலில் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை. சர்ச் முடிஞ்சதும் குடும்ப வீட்டுக்கு வா. பெரியவங்க முன்னாடி என் தம்பி பேர்ல சத்தியம் பண்ணு, கை தவறித்தான் கெட்டுச்சு, அவளுக்குத் தெரியாதுன்னு. பண்ணினா அங்கேயே அவளுக்கு வெள்ளை உடுத்தி அனுப்பிடறோம். பண்ணலைன்னா வெள்ளையும் இல்லை, எங்க வாசல்ல காலும் வைக்க வேண்டாம். ஆண்டு நினைவுக்கு ஓடோய் கல்லறைகிட்ட அவ நிக்கக் கூடாது."

"அக்கா, அது கொஞ்சம்..."

"ஒரு மூடி அளவுக்குப் பேசு, அயிக்வே. டம்ளர் வேண்டாம்."

*

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சத்தியம் பண்ண எனக்குத் தயக்கமே இல்லை. கை தவறிக் கெடுப்பது நான் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. அதற்குச் சாட்சி சொல்ல ஊரே வரும். ஆனால் தேதே கேட்ட கேள்வி மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. நீ விட்டது என்ன?

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வினிகர் பாட்டில் இருந்தது. அடியில் கொஞ்சம் மீதி. முகர்ந்தேன். எனக்கு வினிகரும் ஒன்றுதான், ரோஜாப்பூவும் ஒன்றுதான். தெருமுனைக்கு எடுத்துப் போனேன்.

கென்கேக்காரி என்னைப் பார்த்ததும் அடுப்பைப் பார்த்தாள். "நான் சும்மா ஒரு யோசனைதான் கேட்டேன், அண்ணே."

"அதை அப்புறம் பேசிக்கலாம். இதை மோந்து பாரு. வினிகரா?"

பாட்டிலை மூக்கருகில் கொண்டுபோனவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வினிகரா? கக்கூஸ் கழுவற பிளீச்! கண்ணு எரியுது. இதையா துணிக்கு விட்ட? மூக்கு இல்லையா உனக்கு?"

"ஒரு வாரமா இல்லை," என்றேன்.

திரும்பி வந்து கொல்லையில் உட்கார்ந்தேன். மூன்று பூனைகளும் இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் பிளீச் வாங்குவதில்லை. எனக்குத் தும்மல் வரும். ஹோட்டலில் பீப்பாய் பீப்பாயாக இருக்கும். இதற்கு மேல் யோசிக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் டப்பாவைத் திறந்து அவளுடைய கென்கேயைச் சாப்பிட்டேன். அந்தக் கலவரத்தில் கொடுக்க மறந்து, திரும்பவும் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

ஆறு மணிக்கு அமெர்லே வந்தாள். செருப்பைக் கழற்றி, ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, சுவரோரம் ஜோடியாக வைத்தாள்.

"மேஜையை வச்சுக்கச் சொல்லிட்டாங்க," என்றாள். "கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாரு."

"நல்லது. உக்காரு."

"தலை வலிக்குதுண்ணே."

"இஸ்திரி எப்ப போட்டன்னு காலைல கேட்டேன், நீ டப்பாவைச் சொன்ன. தையலை எப்ப பிடிச்சன்னு தேதே கேட்டா, நீ பஸ்ஸைப் பாத்த. ஞாயித்துக்கிழமை நான் செத்தவன் பேர்ல சத்தியம் பண்ணணும், அமெர்லே. அவன் என்கிட்ட ஒரு நாளும் மரியாதைக் குறைவா பேசினதில்லை." பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன். "இதுல பிளீச்சை யார் ஊத்தினது?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் கொடியை. அப்புறம் என்னை. காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள். "செவ்வாய்க்கிழமை. ஹோட்டல்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். உனக்கு மூக்கு அடைக்கட்டும்னு ஹர்மட்டானுக்குக் காத்திருந்தேன். ஒரு மூடின்னா நீ ஒரு டம்ளர் ஊத்துவேன்னு தெரியும். கருப்புல அந்த மேஜைல நின்னா வர்ற ஒவ்வொருத்தரும் யாரு செத்தாங்கன்னு கேக்கறாங்கண்ணே. ஒரு நாளைக்கு நாப்பது தடவை நான் ஓடோயை அடக்கம் பண்றேன். என் கையால அதைக் கழட்ட எனக்குத் துணிச்சல் வரலை. நீ கெடுத்தேன்னா எல்லாரும் நம்புவாங்க."